கற்பூரவள்ளி

மனைவி இறந்த பிறகு குமாரவேலுவின் கதவைத் தட்டியவள் எதிர்வீட்டு நசீமா மட்டும்தான். மார்கழிப் பனி தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் வந்துவிடுவாள். "அண்ணே, பிள்ளைக்குச் சளி. கற்பூரவள்ளி ரெண்டு இலை கிள்ளிக்கவா?" கிள்ளும்போதே, "சாப்டீங்களா? ராத்திரி இருமுனீங்களே" என்பாள். ஜன்னலோரத் தொட்டியில் செடி மொட்டையாகிக்கொண்டு வந்தது. அவருக்கே காய்ச்சல் வந்தபோது ஒரு சொம்பில் கஷாயம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனவர் அவள் வீட்டு பால்கனியைப் பார்த்தார். எண்ணெய் டின்னில் கற்பூரவள்ளி புதராக மண்டி, கம்பிக்கு வெளியே வழிந்துகொண்டிருந்தது. சொம்பை வைத்துவிட்டு வந்தார். மறுநாள் முகம் கழுவி, சட்டையும் போட்டுக்கொண்டு, கதவு தட்டப்படக் காத்திருந்தார். மிச்சமிருந்த இரண்டு இலைகளை அவரே கிள்ளிக் கொடுத்து, "இன்னும் சளி விடலையாம்மா?" என்றார்.

"எங்கண்ணே விடுது? சித்திரை வரைக்கும் இருக்கும் போல."