மொட்டை மாடியில் இரண்டு ஆன்டெனா

“உங்கம்மாவோடது ஏழு டெசிபல். என்னோடது ஒன்பது. இதுல பேச என்ன இருக்கு?” என்றார் அப்பா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் மொட்டை மாடியில் இரண்டு ஆன்டெனா நிற்கின்றன. மீன் முள் மாதிரி கம்பி கம்பியாக இருப்பது அம்மா செய்தது. காகிதம் ஒட்ட மறந்த பட்டம் மாதிரி சதுரமாக இருப்பது அப்பா செய்தது. இரண்டு பேரும் வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேச லைசென்ஸ் வாங்கியவர்கள்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணை இறக்கிடுங்க. தண்ணி டேங்க் வைக்கணும்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எதற்கு டெசிபல் கணக்கில் கெயின் அதிகமோ, அதாவது எது சிக்னலைக் கூடுதல் பலத்தோடு அனுப்புகிறதோ, அது இருக்கும். மற்றது பழைய இரும்புக் கடைக்கு. இன்றைக்குத்தான் ஞாயிறு.

“அம்மா தன்னோடதை ஒரு நிஜக் கம்பியோட ஒப்பிட்டு அளந்தாங்க. நீங்க புத்தகத்துல மட்டுமே இருக்கிற கற்பனை ஆன்டெனாவோட ஒப்பிட்டிருக்கீங்க. அதுலயே ரெண்டு டெசிபல் சும்மா ஏறிடும். அம்மாவைத் தரையில நிக்கவெச்சு, நீங்க ஸ்டூல் மேல ஏறி நின்னு, யார் உயரம்னு கேக்கற மாதிரி இருக்குப்பா!”

“ரெண்டும் வழக்கத்துல இருக்கிற அளவுதான்மா.”

“வழக்கமாம்! ஆம்பளைங்களுக்கு ஒரு அளவுகோல், பொம்பளைங்களுக்கு ஒண்ணா?”

“டெசிபல்ல ஆம்பளை பொம்பளை எங்கடி வந்துச்சு?” என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

“நீ சும்மா இரும்மா. உனக்காகத்தான் கத்தறேன்.”

“கத்தாமலே எனக்குக் காது நல்லா கேக்குது.”

நானே விதிகளை வகுத்தேன். ஒரே உயரம், ஒரே நீளத்தில் கேபிள், ஒரே அளவு சக்தி. இரண்டு கேபிளும் கீழே மேசை மேல் இருக்கும் சுவிட்சுப் பெட்டிக்கு வரும். ஒன்றாம் எண் அம்மாவுடையது, இரண்டாம் எண் அப்பாவுடையது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கடிகாரக் கடை மாமா தன் ரேடியோ மீட்டரைப் பார்த்துப் போனில் சொல்வார். எந்த எண் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

“பரீட்சை ஹால்ல கூட இவ்வளவு கெடுபிடி கிடையாதேம்மா” என்றார் மாமா. “மூச்சாவது விடலாமா?”

“மீட்டரை மறைக்காம விடுங்க, மாமா.”

அப்பா ரேடியோவில் சிக்னல் அனுப்பும் கீயை அழுத்தினார். நான் சுவிட்சைத் திருப்பினேன். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஐந்து தடவை.

“ஒண்ணுதான்” என்றார் மாமா. “ஒவ்வொரு தடவையும் மூணு டெசிபல் கூட.”

மூன்று டெசிபல் என்றால் இரண்டு மடங்கு பலம்!

“இப்ப என்னப்பா சொல்றீங்க? ஸ்டூலை எடுத்ததும் கால் தரைக்கு வந்துடுச்சா?”

அப்பா வாதாடவே இல்லை. தன்னுடையதைக் கழற்ற ஸ்பேனரோடு மாடிக்குப் போய்விட்டார். தோற்றவருக்கு வாய் ஏது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அம்மாவின் முகம் செத்துப்போயிருந்தது. என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“ஓடு, அவரைக் கழட்ட விடாதே. ஜெயிச்சது அவரோடதுடி!”

“என்னம்மா உளர்றே?”

“நீ மாமாவுக்குப் போன்ல விதி ஒப்பிச்சுக்கிட்டிருந்தியே, அப்ப பெட்டிக்குப் பின்னால ரெண்டு கேபிளையும் மாத்திச் சொருகிட்டேன். என்னோடதுதான் பலம்னு நினைச்சேன். அந்தப் பலம் அவர் பேர்ல போகட்டுமேன்னுதான். ரிட்டயர் ஆகி எட்டு மாசம் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்த மனுஷன். அந்தச் சதுரத்தைக் கட்ட ஆரம்பிச்சப்புறம்தான் விசிலடிச்சுக்கிட்டு எழுந்திருக்கறார். அதைப் போய் இரும்புக் கடையில போடவா? இப்ப என்னடான்னா ஒண்ணாம் நம்பர் ஜெயிச்சிருக்கு. நான் மாத்தினதால ஒண்ணுல இருந்தது அவரோடது!”

என் சோதனையில் தில்லுமுல்லா! இரண்டிரண்டு படியாகத் தாவினேன். அப்பா கடைசி போல்ட்டில் இருந்தார்.

“நிறுத்துங்கப்பா! இந்தச் சோதனை செல்லாது. கேபிள் மாறியிருக்கு!”

அப்பா திடுக்கிட்டார். படிக்கட்டுப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கண்டுபிடிச்சுட்டியா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா. நீ கேபிளையெல்லாம் சரிபார்த்துட்டு இறங்கினதும், இங்க ஆன்டெனாகிட்டயே ரெண்டையும் மாத்தி மாட்டிட்டேன்.”

“நீங்களா? காலையில அவ்வளவு விறைப்பா பேசினீங்க!”

“நானா விட்டுக்குடுத்தா அவ வாங்கிக்க மாட்டா. நான் தோத்தாத்தான் வாங்கிப்பா. என்னோடதுதான் பலம்னு எனக்குத் தெரியும். ஆனா இருபது வருஷமா நான் பேசறதைப் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தவ, இப்பதான் தன் பேர்ல லைசென்ஸ் வாங்கி முதல் ஆன்டெனா கட்டியிருக்கா. அதை இறக்குன்னு நான் சொல்லலாமா?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மேலே ஒரு தடவை மாற்றம். கீழே ஒரு தடவை மாற்றம். அப்படியென்றால் ஒன்றாம் எண்ணில் இருந்தது அம்மாவுடையதேதான்.

ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்கவைக்க இரண்டு பேரும் செய்த மோசடியில், என் சோதனை துளி பிசகாமல் நேர்மையாக நடந்து முடிந்திருந்தது!