டம்மி வரி

மெட்டுப் பிறக்கும்போது வாயில் வந்ததைப் போட்டு நிரப்புவது தம்பியின் வழக்கம். "அக்கா, கதவத் தெற, சாவி மறந்துட்டேன்" என்றுதான் அவனுடைய கடைசி மெட்டுக்கும் டம்மி வரி போட்டிருந்தான். அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர்: கோரஸ் பாடும் அவன் அக்காவும், அவனை உதவிக்கு வைத்திருந்த இசையமைப்பாளரும். தம்பி செத்த ஈரம் காயுமுன்பே இசையமைப்பாளர் அந்த மெட்டைத் தன் பேரில் போட்டுக்கொண்டார்.  நேரம் வரட்டும் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கோரஸ் பாட வந்தாள்.

ஒலிப்பதிவன்று, அந்த மெட்டுக்கு நிலாவைப் பற்றி எழுதியிருந்த வரிகளைப் பாடகர் திருத்தமாகப் பாடினார். போட்டுக் கேட்டபோது, அவர் குரலிலேயே "அக்கா, கதவத் தெற" என்று வந்தது.

"யாருய்யா வெளையாடுறது?" என்றார் இசையமைப்பாளர். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதுவே வந்தது.

"தள்ளுங்க, நானே பாடுறேன்" என்று இசையமைப்பாளர் பாடும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் நிலா, நிலா என்று அசைந்தது. வெளியே ஸ்பீக்கரில், தம்பி போட்டே இராத சரணம் வந்தது: "அக்கா, வாசல்லதான் நிக்கிறேன். உள்ள அவன் மட்டும்தானே இருக்கான்?"

அக்கா எழுந்துபோய் அந்தக் கனத்த கதவைத் திறந்தாள். யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கி நின்றாள். பிறகு இழுத்துச் சாத்தினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"அவன் பாட்டு. அவனே முடிக்கட்டும்."

ஸ்பீக்கரை அணைத்தாள். அதன்பின் வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அறையை அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.