சுவரில் ஒரு கோடு

“பின்னால ஏறு. உன் எடையோடதான் ஃபோக் லைட்டத் திருப்பணும்,” என்றார் என் கணவர்.

“நான் என்ன அரிசி மூட்டையா?”

ஏறினேன். மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் உயர்ந்தது. மலேசியாவில், எங்கள் கிள்ளான் வீட்டுச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பனிமூட்ட விளக்கின் வெளிச்சத்தை அதில் இறக்கி முடுக்கினார். மறுநாள் மாரடைப்பு, போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து மகன் குகன் அதே சுவருக்கு எதிரே வண்டியில் உட்கார்ந்து விளக்கைப் போட்டான். அப்பாவின் அதே உடம்பு.

“கோட்டுக்குக் கீழ அடிக்குதும்மா. மாத்தணும்.”

“தொடாதே லா! அப்பா வச்சது அப்படியே இருக்கட்டும். நான் ஏறுறேன்.”

“நீங்கதான் சாப்பிடாம பாதியா இளைச்சிட்டீங்களே!”

ஊரே அப்படித்தான் சொன்னது. பயந்துகொண்டே ஏறினேன்.

வெளிச்சம் மெல்ல உயர்ந்தது. சரியாகக் கோட்டில் நின்றது.

நான் ஒரு கிலோகூடக் குறையவில்லை.