கற்கால் பந்தல்

காரிமங்கலத்து மாதப்பன், 1941ஆம் ஆண்டில், தம் புழக்கடையில் அவரைப் பந்தலிட முனைந்தார்.

"மரக்காலே போதுங்க" என்றாள் மனைவி சென்னம்மாள்.

"வருசா வருசம் கரையான் தின்னும், நான் குழி தோண்டிச் சாவணும். கல்லு நட்டா ஆயுசுக்கும் நிம்மதி!"

மூன்று கற்கால்களை வாங்கினார். நான்காவதாக, ஏரிக்கரையில் மண்ணப்பிக் கிடந்த கல்லொன்றைப் பெயர்த்துவந்து நட்டார்.

கொடி பந்தலேறியபின் பெய்த முதல் பெருமழை அக்கல்லைக் கழுவிற்று. வாளேந்திய வீரனொருவனின் உருவம் தெரிந்தது.

"ஐயோ, வேடியப்பன் சாமி!" என்று அண்டைவீட்டார் திரண்டு மஞ்சள் பூசினர். "சாமி தலைமேல அவரைக்கொடியா? பிடுங்கய்யா!"

கொடி போயிற்று.

மாலையில் சென்னம்மாள் சொன்னாள்: "சாமிக்கு நாமதான் பந்தல் போடணும்னு ஊர்க்காரங்க சொல்றாங்க."

"அதுக்கென்ன, கல்லு இருக்கே!"

"கல்லு ஆகாதாம். பச்சை மரக்கால்தானாம், வருசா வருசம் புதுசா நீங்களே நடணுமாம்."