ஆறு மணி மெஷின்

"மரமே இல்லாம மெஷினை ஓட்டறார்! நானே எட்டிப் பார்த்தேன்" என்று மேஜையைத் தட்டினார் பொருளாதாரப் பேராசிரியர்.

குடியிருப்போர் சங்கக் கூட்டம். கீழ்த்தளத்தில் பட்டறை வைத்திருக்கும் தச்சர், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வயசுல ஆசைப்பட்டு ஏழு மாசமா வயலின் கத்துக்கறேன். சாயங்காலம் சரியா ஆறு மணிக்கு அதைக் கையில எடுத்தா, கீழே அறுக்கிற மெஷின் அலற ஆரம்பிக்குது. இவர் என்னடான்னா பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்! வேணும்னே பண்றதா இல்லையா?"

தச்சர் தரையைப் பார்த்தார். மற்ற பதினான்கு வீட்டுக்காரர்களும் கூடவே தரையைப் பார்த்தார்கள்.

ஒருத்தர் கூடத் தனக்குப் பரிந்து பேசாததுதான் பேராசிரியருக்குத் தாங்கவில்லை. முப்பது வருஷம் வகுப்பெடுத்த வாய் சும்மா இருக்குமா?

"இதுக்குப் பேர் புறவிளைவு. பட்டறை அவரோடது, தலைவலி நம்மளோடது. ரெண்டு வழி இருக்கு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு விலைக்கு வர்றது சந்தை வழி. அது சரிப்படலைன்னா அரசாங்க வழி. வரியைப் போடு, தன்னால அடங்கும்."

"பேசித்தான் பாருங்களேன் சார்" என்றார் செயலாளர், பரிதாபமாக.

"என்னத்தைப் பேச? ஆறு மணிக்கு மேல ஓடினா கட்டணம். முடியலைன்னா பட்டறையைக் காலி பண்ணட்டும்."

தச்சர் எழுந்து நின்றார். "இருபது வருஷமா பிழைக்கிற இடம் சார். காலி மட்டும் பண்ணச் சொல்லாதீங்க. நாளையிலேர்ந்து அந்த நேரத்துக்கு ஓட்டலை."

"ஐயையோ, அவசரப்படாதீங்க!" என்று பதறினார் மூன்றாம் மாடி நர்ஸம்மா. பேராசிரியர் முறைத்ததும் இருமிச் சமாளித்தார்.

மறுநாள் ஆறு மணி. கட்டடமே அமைதியாக இருந்தது.

"பார்த்தியா? கொள்கைன்னா இப்படி வேலை செய்யணும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டு, வயலினைத் தாடையில் இடுக்கி வில்லை இழுத்தார் பேராசிரியர்.

ஆறு ஐந்துக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் மொத்தச் சங்கமும் நின்றது.

"சார், அந்தக் கட்டணத்தை வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு நாங்களே கட்டிடறோம். மெஷின் ஓடட்டும்" என்றார் செயலாளர்.

"சத்தம் கேட்கிறதுக்கு நீங்க காசு குடுப்பீங்களா? இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

செயலாளர் மடிப்பில் நைந்துபோன ஒரு தாளை நீட்டினார். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி.

'பேராசிரியர் வீட்டு வயலினை உடனே நிறுத்தக் கோரும் மனு.'

கீழே வரிசையாகக் கையெழுத்துகள். பதினான்கு வீடும் இருந்தது. பதினைந்தாவதாக, அவர் மனைவி.

பேராசிரியர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா எப்போதோ சமையலறைக்குள் போய்விட்டிருந்தார்.

'பட்டறை' என்ற இடத்தில் மட்டும் கையெழுத்து இல்லை. தச்சுப் பென்சிலால் பட்டையாக இரண்டு வரி எழுதியிருந்தது:

"பாவம், ஆசையா கத்துக்கறார், மனசை உடைச்சிடாதீங்க. அவர் ஆரம்பிக்கிறப்போ நான் மெஷினைப் போட்டுடறேன், யாருக்கும் கேட்காது."