பத்தாவது வாட்ச்

“இது யாரோடதுங்க?”

கணவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிய வாட்ச்சைக் காதோரம் வைத்துக் குலுக்கியபடியே கேட்டாள் அவள்.

“எங்க ஆபீஸ் கேஷியரோடது. குளிக்கப் போறப்ப கழட்ட மறந்துட்டாராம். அப்படியே நின்னு போச்சு.”

“நல்ல மறதிதான்” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்து வெள்ளைத் துணியை விரித்தாள்.

ரேடியோ தொழிற்சாலையில் இருபது வருடம் ஈயம் பற்றவைத்தே பழகிய கை அவளுடையது. தொழிற்சாலையை மூடிய பிறகு அந்தக் கை சும்மா கிடக்க மாட்டேன் என்றது. அப்போதுதான் பழைய புத்தகக் கடையில் கடிகாரப் பழுது பற்றிய மூன்று தடித்த புத்தகங்கள் கிடைத்தன. மூன்றுக்கும் அட்டை இல்லை. எண்ணெய்க் கறை படிந்த பக்கங்களைத்தான் முதலில் படித்தாள். வேலை தெரிந்த யாரோ அடிக்கடி புரட்டிய பக்கங்கள் அவையாகத்தானே இருக்கும்? ஆறே மாதத்தில் மூன்று புத்தகமும் தலைகீழ்ப் பாடம்.

கடைத்தெரு வாட்ச் கடைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் நேரே போய் நின்றாள். கடைக்காரர் சிரிக்கவுமில்லை, விரட்டவுமில்லை. படித்தது சரி, பத்து வாட்ச்சை ஓட வைத்துவிட்டு வாருங்கள், நாற்காலி போடுகிறேன் என்றார்.

பத்து வாட்ச்சுக்கு எங்கே போவது? புத்தகம் பார்த்துக் கற்றவளிடம் வாட்ச்சைக் கொடுக்க அக்கம்பக்கத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரி, பேச்சு அந்தப் பக்கம் திரும்பியதுமே கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மனைவி முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்து, ஆபீசில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார் கணவர். அடுத்த வாரமே டிரைவருடைய வாட்ச் வந்தது. கறுப்பு ஸ்ட்ராப், முள் கழன்றிருந்தது. பிறகு காவலாளியுடையது வந்தது. பழுப்பு ஸ்ட்ராப், உள்ளே மணல். இந்த வாரம் எந்தப் பாடத்தைத் திரும்பப் பார்க்கிறாய் என்று அவர் கேட்பார், அவள் சொல்வாள். எந்தப் பாடத்தில் இருக்கிறாளோ அந்தப் பழுதே அடுத்து வந்து சேர்ந்தது. எல்லாம் உன் அதிர்ஷ்டம் என்பார். ஒன்பது முறையும் ஓட வைத்தாள். ஒவ்வொரு முறையும், வாட்ச்சின் சொந்தக்காரர் அப்படிப் பாராட்டினார் இப்படிப் பாராட்டினார் என்று வந்து சொல்வார்.

இன்று பத்தாவது. கை நடுங்கினால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வா என்றது புத்தகம். அவளுக்கு எழ வேண்டியிருக்கவில்லை. சக்கரங்களைக் கழற்றி, ஈரம் போகத் துடைத்து, உலர்த்தி, ஊசிமுனையால் எண்ணெய் தொட்டு வைத்து, திரும்ப மாட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தவருக்குத்தான் வியர்த்தது.

மதியத்துக்குள் வாட்ச் ஓடியது.

“நாளைக்கே கடைக்குப் போயிடு. பத்து வாட்ச் பார்த்திருக்கேன்னு தெம்பா சொல்லு” என்றார்.

“தெம்பாத்தான் சொல்லப்போறேன். பத்து ரிப்பேர் பார்த்தேன்னு சொல்லுவேன். பத்து வாட்ச்னு மட்டும் சொல்ல மாட்டேன்.”

“ஏன்?”

அவள் வாட்ச்சின் பின்மூடியைத் திருப்பிப் பிடித்து, லென்ஸை அவரிடம் நீட்டினாள். ஒவ்வொரு பழுது பார்த்து முடித்ததும் மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியைக் கீறி வைக்கச் சொல்லியிருந்தது புத்தகம். கேஷியரின் வாட்ச்சுக்குள், அவள் கையெழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது தேதிகள் இருந்தன.