வாய் திறந்து ஒரு வார்த்தை

“மௌனம் சம்மதம்! வாங்க, கீழே போவோம்” என்று சொங்கோக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாமா எழுந்தார்.

நான் வாசலை மறித்துக்கொண்டேன்.

சூலியா தெருவில் எங்கள் துணிக்கடைக்கு மேலே இருக்கும் அறை அது. கீழே நிக்காஹ் நடத்திவைக்கும் காதி வந்து உட்கார்ந்தாயிற்று. மாப்பிள்ளை காஜா மொய்தீன் அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து விடிந்ததும் ஃபெரிப் படகு ஏறி வந்துவிட்டார். பாவம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

மேலே, பச்சைப் பட்டில் மணப்பெண். “இந்த நிக்காஹுக்குச் சம்மதமா?” என்று மாமா கேட்டதற்குக் குனிந்த தலை நிமிரவில்லை. வாயும் திறக்கவில்லை.

கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிற என்னை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த வேலையெல்லாம் நடக்குமா?

“அவங்க இன்னும் ஒண்ணும் சொல்லல மாமா. பேசாம இருந்தா சம்மதம்னு அர்த்தமில்ல.”

“கூச்சம்லா! நெய்ச்சோறு ஆறுது, நீ இங்க கோர்ட்டு வெக்காதே.”

விடுவேனா? அந்தக் காலத்து இங்கிலாந்துக் கதையை எடுத்துவிட்டேன். ஒருவர் தம் மருமகனுடைய குதிரைக்கு விலை சொல்லிக் கடிதம் எழுதினார். ‘பதில் வராவிட்டால் குதிரை என்னுடையது’ என்றும் சேர்த்து எழுதினார். மருமகன் பதிலே போடவில்லை. குதிரை இவருக்குச் சேராது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அவர் உண்மையில் மாமாவா சித்தப்பாவா, யாருக்குத் தெரியும்? இன்றைய தேவைக்கு மாமா என்றே வைத்துக்கொண்டேன்.

“கேக்குறவங்களே பதிலையும் சொல்லிக்க முடியாது மாமா.”

“அது சரி. இங்க யாருடி குதிரை?”

சாட்சிக்கு வந்த இருவரும் சிரித்தே விட்டார்கள்.

‘இல்லை’ என்று வந்துவிட்டால்? கீழே இருக்கும் அந்த நல்ல மனிதர் எப்படித் தாங்குவார்? அதற்காக, வராத பதிலை வந்ததாக வைத்துக்கொள்ளவா முடியும்?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“பிடிக்கலேன்னா இப்பவே சொல்லிருங்க. யாரு என்ன பேசினாலும் நான் பாத்துக்கிறேன்.”

தலை நிமிர்ந்தது.

“எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பேச்சு வந்த நாள்லேர்ந்து நீ வாயே திறக்கல. ‘மக பேசாம இருக்கா, சம்மதம்தான்’னு ஒன் மாமா முடிவு பண்ணிட்டாரு. எனக்கு அது பத்தாது. ஒங்க அத்தா இருந்த வீட்டுக்கு இன்னொருத்தர் வர்றது ஒனக்குச் சம்மதமா, இஸ்ஸதி?”

அத்தா மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உம்மா வாய்விட்டுச் சிரித்ததே காஜா மொய்தீன் கடைக்கு வர ஆரம்பித்த பிறகுதான். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அத்தாவை நினைத்து அழவும் செய்தேன். இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை.

“சம்மதம் உம்மா!” என்றேன். கீழே கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

உம்மா என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமாவைப் பார்த்தார்.

“இப்பக் கேளுங்க, அண்ணே.”